மாரிஸ் மைனர் 1000 எஞ்சினைப் பிரித்துக் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுவது மாரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் காரில் உள்ள, பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் ஏ-சீரிஸ் எஞ்சின். 1951-இல் ஆஸ்டின் ஏ30-க்காக 803 சிசி-யில் பிறந்தது. மாரிஸ் மைனருக்குள் 1956-இல் 948 சிசி ஆகவும், 1962-இல் 1098 சிசி ஆகவும் வந்து உட்கார்ந்தது. 948-க்கு 37 குதிரைத்திறன், 1098-க்கு 48. இலங்கையில் இன்றும் இந்தக் கார்கள் தினசரி ஓட்டத்தில் இருக்கின்றன. கீழே உள்ள அளவுகள் பெரும்பாலும் 1098-க்கானவை. லேத் பட்டறையில் பேசுவதுபோல அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை ‘தௌ’ என்றே எழுதியிருக்கிறோம். ஒரு தௌ என்றால் 0.0254 மில்லிமீட்டர்.

எஞ்சினை முழுசாகப் பிரித்தே ஆக வேண்டுமா, ஹெட்டை மட்டும் கழற்றிப் பார்த்தால் போதாதா?

கழற்றுவதற்கு முன் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், எவ்வளவு என்று பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டர் முழுக்க மிதிபட்டிருக்க வேண்டும். நல்ல 1098 என்றால் 150 பிஎஸ்ஐ-க்குப் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) பக்கத்தில் காட்டும். 120-க்குக் கீழே போனால் தேய்ந்த எஞ்சின். ஆனால் அளவைவிட முக்கியம் நான்கு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம். அது பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

குறைவாகக் காட்டும் சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையம்) அல்லது போர் (சிலிண்டரின் உள்துளை) போயிருக்கிறது. ஏறவே இல்லை என்றால் குறை வால்வில். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து விழுந்திருந்தால் நடுவில் கேஸ்கட் எரிந்திருக்கும்.

ஆயில் பிரஷரையும் சேர்த்துப் பாருங்கள். எஞ்சின் சூடான பிறகு ஓட்டத்தில் 60 பிஎஸ்ஐ, ஐடிலிங்கில் 15. ஓட்டத்தில் 30-ஐத் தாண்டவில்லை என்றால் ஹெட் வேலை மட்டும் செய்வது வீண். மேலே புதுசாக அடைத்த கம்ப்ரஷன் கீழே தேய்ந்த பேரிங்கைச் சீக்கிரமே தட்ட வைத்துவிடும்.

பிரிக்கும்போது எதையெல்லாம் குறித்து வைக்க வேண்டும்?

கன்ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு), அதன் கேப், மெயின் பேரிங் (கிராங்கைப் பிளாக்கில் தாங்குவது) கேப் எல்லாவற்றிலும் எண் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கழற்றுவதற்கு முன்பே பஞ்சால் புள்ளி அடியுங்கள். கேப்பும் அதன் ஜோடியும் சேர்த்து வைத்துக் கடையப்பட்டவை. மாறினால் துளை வட்டமாக இருக்காது.

புஷ் ராடுகளை ஓர் அட்டையில் எட்டு ஓட்டை போட்டு வரிசையாகக் குத்தி வையுங்கள். டேப்பெட்டுகளை (கேமின் மேல் நின்று புஷ் ராடைத் தூக்குபவை) 948-லும் 1098-லும் பிளாக்கின் பக்கவாட்டு மூடிகளைக் கழற்றி விரலால் எடுத்துவிடலாம். அவற்றின் அடிப்பாகத்தில் சின்னக் குழிகள் தெரிந்தால் எட்டையும் மாற்றுங்கள். புதுக் கேமில் பழைய டேப்பெட் போடவே கூடாது. கேம் போகும், அதன் இரும்புத்தூள் எல்லாப் பேரிங்கையும் சுற்றிவரும்.

ஸ்பானர் விஷயத்தில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

எஞ்சின் முழுக்க யூ.என்.எஃப். என்ற அங்குல அளவு மரை. ஏ.எஃப். அளவு (நட்டின் எதிரெதிர் முகங்களுக்கு இடையிலான தூரம், அங்குலத்தில்) ஸ்பானர் வேண்டும்: 7/16, 1/2, 9/16 மூன்றும் இருந்தால் பெரும்பாலான வேலை முடியும். ஹெட் நட்டுக்கு 9/16. ஒரு போல்ட் தொலைந்துவிட்டது என்று மில்லிமீட்டர் போல்ட்டை எடுத்து ஏற்றினால் இரண்டு சுற்று நன்றாகப் போகும், மூன்றாவது சுற்றில் பிளாக்கின் மரை கையோடு வந்துவிடும்.

போர் அடிக்க வேண்டுமா என்பதை எப்படி முடிவு செய்வது?

கண்ணால் முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் மேலே ரிங் நிற்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, நடுவில், அடியில் என மூன்று உயரத்தில், கிராங்க் ஓடும் திசைக்கு நேராகவும் குறுக்காகவும் அளக்க வேண்டும். அதிகத் தேய்மானம் மேலேதான், அதுவும் குறுக்குத் திசையில்தான் இருக்கும். ஏழெட்டு தௌ-வைத் தாண்டினால் போர் அடிப்பதுதான் வழி. மூன்று நான்கு தௌ என்றால் ஹோனிங் (போரைக் கல்லால் தேய்த்துக் கோடு போடுவது) செய்து புது ரிங் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம். ஆனால் போரின் மேல்முனையில் தேயாமல் மேடாக நிற்கும் வரம்பை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் புது ரிங்கின் கூர்மையான விளிம்பு அந்த வரம்பில் மோதி உடையும்.

கம்பெனி அளவு 64.58 மில்லிமீட்டர். ஓவர்சைஸ் பிஸ்டன் 20, 40, 60 தௌ-வில் கிடைக்கும். பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்ட பிறகுதான் பிளாக்கைப் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். பெட்டியில் ‘40’ என்று போட்டிருந்தாலும் ஒரு கம்பெனிக்கும் இன்னொன்றுக்கும் ஸ்கர்ட் அளவிலும் கொடுக்கவேண்டிய இடைவெளியிலும் வித்தியாசம் உண்டு. பட்டறைக்காரர் பிஸ்டனை அளந்து அதற்கேற்பப் போர் அடிக்கட்டும். அறுபதுக்கு மேல் அடிக்க நேர்ந்தால் ஸ்லீவ் போட்டு மறுபடி கம்பெனி அளவுக்குக் கொண்டுவருவது நல்லது.

ரிங்கைத் தனியாகப் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியைப் பாருங்கள். 7 முதல் 12 தௌ இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் மெல்லிய அரத்தால் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். சூட்டில் ரிங்கின் இரண்டு முனையும் முட்டிக்கொண்டால் பிஸ்டன் பிடித்துவிடும்.

கிராங்கை கிரைண்டிங் செய்யாமல் புது பேரிங் மட்டும் போடலாமா?

ஜர்னல் (கிராங்கில் பேரிங்குக்குள் சுற்றும் பகுதி) ஒரு தௌ-வுக்கு மேல் முட்டை வடிவமாகியிருந்தாலோ, நகத்தால் உரசும்போது கோடு தட்டுப்பட்டாலோ கூடாது. பேரிங் 10, 20, 30, 40 தௌ அண்டர்சைஸில் கிடைக்கிறது. ஒரு ஜர்னல் மட்டும் கெட்டிருந்தாலும் மெயின் மூன்றையும் ஒரே அளவுக்கு, பிக் எண்ட் (கன்ராட் மாட்டும் இடம்) நான்கையும் ஒரே அளவுக்கு அடிப்பதுதான் வழக்கம்.

பட்டறையில் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: ஜர்னல் முடியும் மூலையில் உள்ள வளைவு அப்படியே இருக்க வேண்டும். அந்த மூலையைக் கூராக விட்டால் விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். 1098-இன் கிராங்குக்கு மூன்றே மெயின் பேரிங், ஸ்ட்ரோக்கோ 83.72 மில்லிமீட்டர். நீளமான, வளையக்கூடிய கிராங்க். இந்த எஞ்சினை நிமிடத்துக்கு 5,500 சுற்றுக்கு மேல் விரட்டாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

கிராங்கின் முன்பின் ஆட்டம் 2 முதல் 3 தௌ. அதை நிர்ணயிப்பவை நடு மெயினில் உள்ள அரைவட்ட வாஷர்கள். அவற்றின் எண்ணெய்க் கோடு உள்ள முகம் கிராங்கைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் சில நூறு கிலோமீட்டரிலேயே வாஷர் தேய்ந்து, கிளட்ச் மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னால் நகரும்.

பட்டறையிலிருந்து பிளாக் கழுவித்தான் வந்தது. மறுபடி கழுவ வேண்டுமா?

வேண்டும். புதிதாகக் கட்டிய எஞ்சின் சீக்கிரம் போவதற்கு அழுக்குதான் முதல் காரணம் என்போம். ஹோனிங் கல்லின் தூள் போரின் குறுக்குக் கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும். பெட்ரோலும் டீசலும் அதை எடுக்காது. சுடுதண்ணீரும் துணி சோப்பும் பிரஷும்தான் எடுக்கும். வெள்ளைத் துணியால் போரைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறம் ஒட்டினால் இன்னொரு முறை. துணி வெள்ளையாகவே வந்தவுடன் காற்றடித்து, அடுத்த நிமிடமே ஆயில் தடவ வேண்டும். காத்திருந்தால் துரு படரும்.

ஆயில் போகும் நீளத் துளைகளின் முனையில் பித்தளை அடைப்புகள் இருக்கும். அவற்றைத் துளையிட்டு எடுத்து, நீளமான கம்பி பிரஷ் விட்டுத் தேய்க்க வேண்டும். பல வருடக் கசடு அங்கேதான் கெட்டியாகக் கிடக்கும். புது அடைப்பை அடித்த பிறகு எத்தனை எடுத்தோம், எத்தனை போட்டோம் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று விட்டுப்போனால் பிரஷர் வராது, எஞ்சினை மறுபடி இறக்க வேண்டும். தண்ணீர்ப் பக்கத்து தகர மூடிகளையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

புது பேரிங் போட்டும் ஆயில் பிரஷர் ஏறவில்லை. ஏன்?

பெரும்பாலும் கேம் பேரிங். அதை யாரும் பார்ப்பதில்லை. ஆயில் அங்கே ஓடி வழிந்தால் கிராங்குக்குப் போக மிச்சமிருக்காது. புது கேம் பேரிங் அடித்தால் மூன்றையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் ஓட்ட வேண்டும், கையால் சுரண்டிச் சரிசெய்ய முடியாது. அடுத்து, ராக்கர் ஷாஃப்ட்டின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் ஷாஃப்ட்டும் புஷ்ஷும் புதிது. ஆயில் பம்ப்பை யோசிக்காமல் மாற்றுங்கள். மாட்டும் முன் அதற்குள் ஆயில் நிரப்ப வேண்டும், காய்ந்த பம்ப் உறிஞ்சாது.

எத்தனை முறை கட்டினாலும் பின்பக்கம் ஆயில் சொட்டுகிறது. ரியர் சீல் எங்கே இருக்கிறது?

இந்த எஞ்சினின் பின்பக்கத்தில் ரப்பர் சீலே கிடையாது. கிராங்கின் பின்முனையில் திருகு மரைபோல ஒரு கோடு வெட்டியிருக்கும். கிராங்க் சுற்றும்போது அந்தக் கோடு ஆயிலை உள்ளே தள்ளிவிடும். நின்றிருக்கும்போது ஒன்றிரண்டு சொட்டு விழுவது இந்த வடிவமைப்பின் குணம். கார் நிறுத்திய இடத்தில் அட்டை போடுவது மைனர்காரர்களுக்குப் பழக்கம்தான்.

கிளட்ச் வழுக்கும் அளவுக்குக் கொட்டினால் இரண்டில் ஒன்று. பின் மெயின் தேய்ந்து, கோட்டுக்கும் அதைச் சுற்றியுள்ள கூட்டுக்கும் இடைவெளி கூடியிருக்கும். அல்லது கிராங்க் கேஸுக்குள் அழுத்தம் ஏறியிருக்கும். ரிங் வழியாகக் கீழே இறங்கும் புகை வெளியேற வழியில்லாமல் ஆயிலைத் தள்ளிக்கொண்டு போகிறது. பிரீதர் குழாயும் அதன் கம்பி வலையும் அடைத்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

ஹெட்டில் என்னென்ன செய்ய வேண்டும்? ஈயமில்லாத பெட்ரோலுக்கு ஸீட் மாற்றியே ஆக வேண்டுமா?

முதல் வேலை விரிசல் சோதனை. இந்த ஹெட்டில் நான்கு சிலிண்டருக்கு ஐந்தே துவாரம். உள்ளே இழுக்க இரண்டு, வெளியே தள்ள மூன்று. 2, 3-ஆம் சிலிண்டர்களின் புகை நடுத் துவாரம் ஒன்றின் வழியாகவே போவதால் சூடு அங்கே குவியும். இன்லெட், எக்ஸாஸ்ட் ஸீட்டுகளுக்கு (வால்வு மூடும்போது அமரும் இடம்) நடுவே முடிபோன்ற விரிசல் அந்த இரண்டு சிலிண்டர்களில்தான் அதிகம் காணப்படும். தண்ணீர் அழுத்தச் சோதனை செய்யாமல் ஹெட்டில் பணம் போடாதீர்கள்.

ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-இலும் இலங்கையில் 2002-இலும் நின்றுபோனது. ஈயம் எக்ஸாஸ்ட் ஸீட்டுக்கு ஒரு மெத்தைபோல இருந்தது. அது இல்லாதபோது வார்ப்பிரும்பு ஸீட் நுண்ணிய அளவில் வால்வோடு ஒட்டிப் பிய்ந்து, வால்வு உள்ளே இறங்குகிறது. கண்டுபிடிப்பது சுலபம். 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டேப்பெட் இடைவெளி (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே உள்ளது) குறைந்துகொண்டே வந்தால் வால்வு இறங்குகிறது என்று அர்த்தம். ஊருக்குள் மெதுவாக ஓடும் காருக்கு இது அவசரமில்லை. நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர் நான்கு எக்ஸாஸ்ட்டுக்கும் கடினமான ஸீட் அடித்துக்கொள்வது நல்லது. இன்லெட்டுக்குத் தேவையில்லை.

கைடு (வால்வின் தண்டு ஓடும் குழாய்) தேய்ந்திருந்தால் ஸீட் வெட்டுவதற்கு முன்பே மாற்ற வேண்டும். ஸீட் வெட்டும் கருவி கைடைப் பிடித்துக்கொண்டுதான் சுற்றுகிறது. கைடு ஆடினால் ஸீட்டும் கோணலாக வரும்.

ஹெட் கேஸ்கட் திரும்பத் திரும்பப் போகிறதே?

ஹெட்டைச் சமப்படுத்துகிறவர்கள் பிளாக்கின் மேல்முகத்தைப் பார்ப்பதில்லை. ஸ்டட்டுகளைக் கழற்றிவிட்டு ஓட்டைகளின் வாயை விரலால் தடவுங்கள். வருடக்கணக்கான இழுப்பில் வாயைச் சுற்றி இரும்பு மேடாக எழும்பியிருக்கும். அந்த மேடு கேஸ்கட்டைத் தூக்கிப் பிடிக்கும், பக்கத்துச் சிலிண்டர் சரியாக அழுந்தாது. வாயை லேசாகச் சரிவாக வெட்டி, முகத்தைத் தட்டைக் கல்லால் தேய்த்தால் போதும். பல எஞ்சின்களில் பிரச்சினை இதோடு முடிந்துவிடும்.

ஸ்டட்டை விரலால் இறுக்கினால் போதும், ஸ்பானர் வேண்டாம். ஒன்பது நட்டையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக 20, 30, 40 பவுண்டு-அடி என மூன்று சுற்றில் ஏற்றுங்கள். 40 என்பது 5.5 கிலோகிராம்-மீட்டர். சூடாகி ஆறிய பிறகு ஒருமுறை, 500 கிலோமீட்டரில் ஒருமுறை மறுபடி பார்த்து, அதன்பின் டேப்பெட்டையும் சரிசெய்ய வேண்டும்.

ஹெட் இறங்கியிருக்கும்போது, வாட்டர் பம்ப்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள விரல் நீளக் குழாயைப் புதிதாகப் போடுங்கள். சில்லறை விலைப் பொருள்தான். ஆனால் ஹெட் ஏறியபின் அதை மாற்ற முயன்று தோல் உரியாத கை கிடையாது.

மற்ற போல்ட்டுகளுக்கு இறுக்கம் எவ்வளவு?

மெயின் பேரிங் 60 பவுண்டு-அடி (8.3 கிலோகிராம்-மீட்டர்), பிக் எண்ட் 35 (4.8), ராக்கர் தாங்கி 25 (3.4), கிராங்க் புல்லி 70 (9.7). மடக்குத் தகடுகள் எல்லாம் புதிது. ஒவ்வொரு கேப் இறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். திடீரென்று இறுகினால் கடைசியாகப் போட்டதைக் கழற்றினால் காரணம் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் இறுக்கிவிட்டுக் கடைசியில் சுற்றிப் பார்க்கிறவருக்கு எது பிடிக்கிறது என்று கண்டுபிடிக்கவே அரைநாள் ஆகும்.

டைமிங் செயின் சத்தம்?

கம்பெனி போட்டது ஒற்றை வரிசைச் செயின். மினி கூப்பர் எஸ் காரின் பாணி இரட்டை வரிசைச் செயின் பொருந்தும். அதற்குப் பின்னால் உள்ள தகட்டின் இரண்டு திருகுகளின் தலை செயினில் இடிக்கும், அவற்றைத் தலை அமிழும் திருகாக மாற்ற வேண்டும். இரண்டு பல்சக்கரத்தின் புள்ளியும் நேருக்கு நேர் வரவேண்டும். மேலிருந்து ஸ்கேல் வைத்து இரண்டும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து, கிராங்க் பக்கம் ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்) சேர்த்துச் சரிசெய்யுங்கள்.

நம்பகத்தன்மை கெடாமல் எவ்வளவு பவர் கூட்டலாம்?

கம்பெனியே விடை தந்திருக்கிறது. இதே 1098-ஐ எம்.ஜி. கார்களுக்கு இரட்டைக் கார்புரேட்டருடன் 55 குதிரைத்திறன் அளவுக்கு விற்றார்கள். மைனரிலும் 55 முதல் 60-க்குள் நிறுத்திக்கொண்டால் கிராங்க், கியர்பாக்ஸ் எதுவும் முணுமுணுக்காது.

பணம் போடும் வரிசை: முதலில் புகை போகும் பாதை, அதாவது மூன்று கிளை மேனிஃபோல்டும் தாராளமான சைலன்சரும். அடுத்து 1¼ அங்குல எஸ்.யூ. கார்புரேட்டருக்குப் பதில் 1½ அங்குலம், அதற்கேற்ற ஊசியோடு. மூன்றாவது ஹெட். எம்.ஜி. 1100, மினி கூப்பர் 998 ஆகியவற்றில் வந்த 12ஜி295 ஹெட் இதற்குப் பொருத்தமானது. 1275 சிசி எஞ்சினின் 12ஜி940 ஹெட்டைத் தேடிப் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் எக்ஸாஸ்ட் வால்வு சின்னப் போரின் விளிம்பில் இடிக்கும், பிளாக்கில் குழி வெட்டியாக வேண்டும்.

கம்ப்ரஷன் விகிதத்தைக் கணக்குப் போட்டே முடிவு செய்யுங்கள். 1098-இல் ஒரு சிலிண்டர் 274 சிசி. விகிதம் 8.5 ஆக இருக்க, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் மேலே மிச்சமிருக்க வேண்டிய இடம் 36.6 சிசி, விகிதம் 9-க்கு 34.3 சிசி. போர் அடித்தாலே விகிதம் ஏறும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 60 தௌ அடித்தால் ஒரு சிலிண்டர் 287 சிசி, மொத்தம் 1149 சிசி. அதே 36.6 சிசி இடத்தோடு விகிதம் 8.85 ஆகிவிடும். அதன்மேல் ஹெட்டையும் சீவினால் வெயில் நேரத்து ஏற்றத்தில் கடகடவென்று நாக்கிங் கேட்கும். சாதாரண பெட்ரோலுக்கு 9-ஐத் தாண்ட வேண்டாம். ஹெட் குழியின் அளவைப் பியூரெட்டில் மண்ணெண்ணெய் எடுத்து, கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தகட்டைக் கிரீஸ் தடவி மூடி, சின்ன ஓட்டை வழியாக ஊற்றி அளக்கலாம். கேஸ்கட்டின் தடிமன், பிஸ்டன் தலையிலுள்ள குழி, பிஸ்டன் மேலே வரும்போது பிளாக்கின் முகத்துக்குக் கீழே நிற்கும் இடைவெளி மூன்றையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ரேஸ் கேம் போட்டால்?

ஐடிலிங் கெடும், 3,000 சுற்றுக்குக் கீழே இழுவை போகும். கிராங்கோ 5,500-க்கு மேல் வேண்டாம் என்கிறது. பவர் வரும் இடம் கிராங்குக்கு ஆகாத இடம். கம்பெனி கேம் அல்லது அதற்கு அடுத்த மிதமான கேம் போதும்.

நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாம்தானே?

வேண்டாம். எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் ஓடினால் பெட்ரோல் ஆயிலில் கலந்து போரைத் தின்னும், கசடு சேரும். 74 டிகிரி தெர்மோஸ்டாட் போடுங்கள். அப்படியும் சூடேறினால் ரேடியேட்டர் அடைத்திருக்கிறது, அல்லது பிளாக்கின் பின்மூலையில் துருமண் படிந்திருக்கிறது.

டேப்பெட் வைப்பது எப்படி?

ஆறிய எஞ்சினில் 12 தௌ. வால்வுகளை முன்பக்கமிருந்து 1 முதல் 8 வரை எண்ணுங்கள். முழுதாகத் திறந்திருக்கும் வால்வின் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால் வருவதைச் சரிசெய்யுங்கள். 8 திறந்திருந்தால் 1, 6 திறந்திருந்தால் 3. ராக்கரின் முனை தேய்ந்து குழிந்திருந்தால் ஃபில்லர் கேஜ் குழியைத் தாண்டி நிற்கும். 12 என்று நினைப்பீர்கள், உண்மையில் 16 இருக்கும். அந்தச் சத்தம் எவ்வளவு சரிசெய்தாலும் போகாது.

முதல் ஸ்டார்ட்டில் என்ன செய்ய வேண்டும்?

பிளக் நான்கையும் கழற்றிவிட்டு, கேஜில் பிரஷர் ஏறும்வரை செல்ஃப் அடியுங்கள். பத்துப் பத்து நொடியாக, இடைவெளி விட்டு. கார்புரேட்டரில் பெட்ரோல், தீப்பொறி வரிசை 1-3-4-2, டிஸ்ட்ரிபியூட்டர் இடஞ்சுழி என எல்லாம் முன்கூட்டியே சரிபார்த்திருக்க வேண்டும். ஏனென்றால் எஞ்சின் பிடித்தவுடன் 2,000 சுற்றுக்கு ஏற்றி, 20 நிமிடம் அங்கேயே, கொஞ்சம் ஏற்றி இறக்கி வைத்திருக்க வேண்டும். கேமுக்கு ஆயில் தெறிப்பது கிராங்க் வேகமாகச் சுற்றும்போதுதான். புதுக் கேமை ஐடிலிங்கில் விட்டுவிட்டுக் கார்புரேட்டர் டியூன் செய்வது அதைக் கொல்வதற்குச் சமம்.

ஆயில் 20டபிள்யூ-50 மினரல், துத்தநாகச் சேர்மானம் உள்ளது. ஃபில்டரோடு சேர்த்து 3.7 லிட்டர் பிடிக்கும். ஃபில்டர் கிண்ணத்தின் மேல் பள்ளத்தில் பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருக்கும், ஊசியால் கிளறி எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். இரண்டும் சேர்ந்தால் கசியும். 500 கிலோமீட்டரில் முதல் ஆயில் மாற்றம்.

கட்டி முடித்து 1,000 கிலோமீட்டர் ஆகியும் நீலப்புகை நிற்கவில்லை.

எப்போது வருகிறது என்று பாருங்கள். நீண்ட இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு, மறுபடி மிதிக்கும்போது மட்டும் வந்தால் இன்லெட் கைடு வழியாக ஆயில் இறங்குகிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் என்றாலும் கைடுதான். ஏற்றத்தில் தொடர்ந்து வந்தால் ரிங் படியவில்லை. புது எஞ்சினை மென்மையாகவே ஓட்டி, நிறைய ஐடிலிங்கில் விட்டவர்களுக்கு இது நடக்கும். போர் கண்ணாடிபோல் மினுங்கிவிடும். மூன்றாவது கியரில் ஏற்றத்தில் அரை ஆக்ஸிலரேட்டருக்கு மேல் கொடுத்துப் பத்து இருபது முறை இழுத்துப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் பிஸ்டனை எடுத்து, போரில் மறுபடி ஹோனிங் கோடு போட்டு, புது ரிங்கோடு திரும்பக் கட்ட வேண்டியதுதான்.